உதிர்ந்த கலங்களைப் படித்தவர்

மனித உடல் ஓயாது உதிர்ந்துகொண்டிருப்பது. தோலின் பொருக்கு உதிர்வதை நாம் கண்ணாற் காண்கிறோம். தலைமயிர் உதிர்வதைக் கண்டு கவலையுங் கொள்கிறோம். ஆனால் உடம்பினுள்ளே, மூச்சுக் குழாயிலும் சிறுநீர்ப்பையிலும் கருப்பையிலும் நெஞ்சறையின் உட்புறத்திலும் மெல்லிய உறைபோல விரிந்து கிடக்கும் கலங்கள், தம் காலம் முடிந்ததும் ஒவ்வொன்றாய்க் கழன்று, சளியோடும் சலத்தோடும் கசிவோடும் கலந்துவிடுவதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கழிவென்று நாம் கழுவி ஊற்றிவிடும் நீரிலே உடலின் உட்செய்தி கிடக்கிறது. அதை வாசிக்கக் கற்றவனுக்கு, நோயாளி நோவென்று முனகுவதற்கு முன்னரே சில நோய்கள் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வாசிப்பை முறைப்படுத்தி உலகுக்கு அளித்தவர் ஜோர்ஜ் பாப்பனிகொலாவ் என்னும் கிரேக்கர்.

நான் ஆய்வுகூடமொன்றிலே வேலை பார்த்து இளைப்பாறியவன். வைத்தியன் அல்லன், வைத்தியர்கள் பார்ப்பதற்குக் கண்ணாடித் தகடுகளை ஆயத்தஞ் செய்து கொடுத்தவன். நெஞ்சிலே நீர் கோத்தவரிடமிருந்தும் வயிறு வீங்கியவரிடமிருந்தும் ஊசியால் இழுத்தெடுத்த நீர் எங்களிடம் போத்தல்களில் வந்து சேரும். சில வைக்கோல் நிறமாயிருக்கும், சில கலங்கலாயிருக்கும், சில குருதி கலந்து செந்நீராயிருக்கும். அதனை மையநீக்கியில் இட்டுச் சுழற்றினால், நீர் தெளிந்து மேலே நிற்க, கலங்கள் மண்டியாய் அடியிலே படியும். அந்த மண்டியில் ஒரு துளியைத் தகட்டிற் பூசி, ஈரம் காயுமுன் மதுசாரத்தில் அமிழ்த்திவிட வேண்டும். காய்ந்துபோனால் கலங்கள் வீங்கிச் சிதைந்து, சாயத்தை ஏற்க மறுக்கும். அப்பாற் சாயமூட்டுதல். அந்தச் சாயத்துக்குப் பெயர் பாப்பனிகொலாவ் சாயம். இந்தத் தொழிலிலே இருப்போர் நாளொன்றுக்குப் பலமுறை உச்சரிக்கும் பெயர் அது. உச்சரிப்போரிற் பலர், அது ஒரு மனிதருடைய பெயர் என்பதையே மறந்துவிடுகின்றனர். அவருடைய வாழ்வைத் தேடிப் படித்தபோது எனக்கு உண்டான வியப்பே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கிரேக்க நாட்டின் கரையோரமாய் நீண்டு கிடக்கும் எவியா என்னுந் தீவில் கீமி என்றொரு கடற்கரைப் பட்டினம் உண்டு. அங்கே 1883-ம் ஆண்டு மே மாதம் 13-ந் திகதி ஜோர்ஜ் பிறந்தார். தந்தை நிக்கொலாஸ் வைத்தியர்; ஊரின் நகரபிதாவாகவும் இருந்தவர். மகனுக்கோ இசையிலும் இலக்கியத்திலும் நாட்டம் மிகுதி. வயலின் நன்றாக வாசிப்பார். ஆயினும் தந்தையின் சொல்லைத் தட்டாது அதென்ஸ் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயின்று, 1904-ம் ஆண்டில், இருபத்தொரு வயதிலேயே, சிறப்பாகத் தேறினார். மகன் தம்மோடிருந்து ஊருக்கு வைத்தியம் செய்வான் என்று தந்தை எதிர்பார்த்தார். மகனோ உயிரின் மூலத்தை ஆராய வேண்டுமென்று கனவு கண்டார்.

ஜேர்மனி அக்காலத்தில் உயிரியலுக்குத் தலைவாயில். ஜேனாவில் எக்கல், பிரைபேர்க்கில் வைஸ்மன், மியூனிக்கில் றிச்சட் ஹெட்விக் என்று பேரறிஞர் மூவரையும் நாடிச் சென்றார் ஜோர்ஜ். 1910-ம் ஆண்டில் மியூனிக்கிலே கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? குளத்து நீரிலே துள்ளித் திரியும் தெள்ளுப்போன்ற நுண்ணிய நீர்ப்பூச்சிகளில் ஆணும் பெண்ணும் எவ்வாறு பிரிகின்றன என்பதே. புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். அவருக்கும் அன்று ஒரு சம்பந்தமும் தெரிந்திருக்க முடியாது.

அதே ஆண்டில் அவர் அன்ட்ரோமகி மவ்ரொயெனி என்னும் பெண்ணை மணந்தார். படைத் தளபதியொருவரின் மகள். பல மொழி கற்றவர். பிற்காலத்தில் மேரி என்ற பெயரால் அறியப்பட்டவர். இந்த வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் மேரியை ஓரிரு வரியிற் சொல்லிக் கடந்து செல்வர். அவ்வாறு கடந்து செல்வது நியாயமன்று என்பது என் துணிபு. ஏன் என்பதை இனி வாசகர் அறிவர்.

மணமுடித்த தம்பதிகள் மொனாக்கோவிலே சில காலம் கழித்தனர். அங்குள்ள கடலாராய்ச்சி நிலையத்தில் ஜோர்ஜுக்கு வேலை கிடைத்தது. 1912-ம் ஆண்டில் பால்க்கன் போர் மூண்டது. கிரேக்கப் படையின் வைத்தியப் பகுதியிற் சேர்ந்து பணியாற்றினார். அமெரிக்காவிலிருந்து தாய்நாட்டுக்காகப் போரிட வந்திருந்த கிரேக்கத் தொண்டர்கள் அந்நாட்டின் வாய்ப்புகளைப்பற்றி அவரிடம் சொல்லினர். போர் முடிந்தது. 1913-ம் ஆண்டு ஒக்டோபர் 19-ந் திகதி ஜோர்ஜும் மேரியும் நியூயோர்க் துறைமுகத்தில் இறங்கினர். கையிலே இருந்தது, கரையிறங்க அனுமதி பெறுவதற்கு வேண்டிய 250 டொலருக்குச் சற்று மேற்பட்ட தொகை. ஆங்கிலம் இருவருக்கும் தெரியாது.

கலாநிதிப் பட்டம் பெற்ற வைத்தியர், கிம்பெல்ஸ் என்னும் பெருங்கடையிலே கம்பளம் விற்பவராய் நின்றார். அதுவும் ஒரேயொரு நாள். கப்பலிலே தம்மோடு பயணஞ் செய்த பெண்மணியொருத்தி அங்கே தம்மைக் கண்டதும், வெட்கம் பொறுக்கமாட்டாமல் வேலையை விட்டுவிட்டார். மேரி அதே கடையில் பொத்தான் தைக்கும் வேலையில் நிலைத்து நின்றார்; கூலி வாரத்துக்கு 5 டொலர். ஜோர்ஜ் உணவுச்சாலைகளில் வயலின் வாசித்தார்; கிரேக்கப் பத்திரிகையொன்றிலே எழுதுவினைஞராயிருந்தார். இளமையில் தந்தை வேண்டாமென்று தடுத்த இசை, அந்நிய மண்ணிலே சில மாதம் சோறு போட்டது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அப்போது தோமஸ் ஹன்ட் மோர்கன் என்ற பேராசிரியர் பழ ஈக்களைக்கொண்டு பாரம்பரியத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். நீர்ப்பூச்சிகளைப்பற்றி மியூனிக்கில் எழுதப்பட்ட ஆராய்ச்சியை அவர் அறிந்திருந்தார். அவருடைய பரிந்துரையால் ஜோர்ஜுக்கு நியூயோர்க் வைத்தியசாலையின் நோயியற் பகுதியிலே வேலை கிடைத்தது. 1914-ம் ஆண்டில் கோர்னெல் வைத்தியக் கல்லூரியின் உடற்கூற்றுத் துறையில், சார்ள்ஸ் ஸ்டொக்கட் என்பவரின் கீழ் இடங் கிடைத்தது. மேரியும் அங்கே ஆய்வுகூட உதவியாளராய் வந்து சேர்ந்தார். அடுத்த நாற்பத்தேழு ஆண்டுகள் அக்கல்லூரியே அவர்களுக்கு உலகம்.

இனித்தான் கதையின் மையம் வருகிறது. ஸ்டொக்கட் கினிப்பன்றிகளை வைத்து மதுசாரத்தின் தீமைகளை ஆராய்ந்துவந்தார். ஜோர்ஜ் தம் பழைய ஆராய்ச்சியைத் தொடர விரும்பினார். அதற்குச் சூலகத்திலிருந்து விடுபடும் தறுவாயில் உள்ள முட்டை தேவை. கினிப்பன்றியின் சூல் எந்த நாளில் முதிர்கிறது என்பதை எவ்வாறு அறிவது? புறத்தே ஓர் அடையாளமும் இல்லை. விலங்கைக் கொன்று திறந்து பார்ப்பதே அன்றைய வழக்கம். பெரும்பாலும் நாள் தவறிவிடும். உயிர் வீணாய்ப் போகும்.

ஜோர்ஜின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. மனிதப் பெண்ணுக்கு மாதந்தோறும் உதிரப்போக்கு உண்டு. ஏனைய விலங்குகளில் அதற்கு ஒப்பான ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அளவிலேனும் இருக்கவேண்டுமே! மூக்கைப் பரிசோதிக்க உதவும் சிறு கருவியொன்றை வாங்கி, அதன் துணையால் கினிப்பன்றியின் யோனிக் கசிவை எடுத்துத் தகட்டிற் பூசிப் பார்த்தார். வெறுங்கண்ணுக்கு அதில் ஒன்றும் இல்லை. நுணுக்குக்காட்டியின் கீழோ நாளுக்கு நாள் காட்சி மாறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் தட்டையான கலங்கள் நிறைந்திருக்கும். பின்னொரு நாள் வெண்குருதிக் கலங்கள் படைபோலப் புகுந்திருக்கும். இன்னொரு நாள் எல்லாம் வெறுமையாய் இருக்கும். ஏறக்குறைய பதினாறு நாளுக்கொருமுறை அந்த ஒழுங்கு மீண்டும் திரும்பியது. சூல் முதிரும் நாளை இனி ஒரு துளிக் கசிவைக் கொண்டே சொல்லிவிடலாம், கத்தி வேண்டியதில்லை.

1917-ம் ஆண்டில் ஸ்டொக்கட்டும் பாப்பனிகொலாவும் இதனை வெளியிட்டனர். சிறிய விஷயம்போலத் தோன்றும் இக்கண்டுபிடிப்பு பெரிய கதவொன்றைத் திறந்தது. ஒரு சாறு விலங்கின் உடலிற் சென்று வேலைசெய்கிறதா இல்லையா என்பதைக் கசிவைப் பார்த்தே அளந்தறிய முடிந்தமையால், 1923-ம் ஆண்டில் அலன், டொய்சி என்னும் இருவர் சூலக ஓமோனைத் தேடிப் பிடிக்க வழி பிறந்தது. பாப்பனிகொலாவ் புற்றுநோயைப்பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் இருந்திருந்தாலும், இந்த ஒரு காரியத்துக்காகவே அவர் பெயர் நிலைத்திருக்கும்.

விலங்கிற் கண்டதை மனிதரிலும் காணவேண்டும் என்று 1920-ம் ஆண்டளவில் அவர் முயன்றார். எந்தப் பெண் நாள்தோறும் தன்னை இதற்கு ஒப்புக்கொடுப்பாள்? மேரி ஒப்புக்கொடுத்தார். ஒரு நாளன்று, ஒரு மாதமன்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவரிடமிருந்து மாதிரிகள் எடுக்கப்பட்டன. பெண்ணுடலின் மாதச் சுழற்சியைக் கலங்களின் வழியே உலகம் அறிந்தது, பெரும்பகுதி இந்த ஒரு பெண்ணின் பொறுமையினால். வீட்டிலே மனைவி, ஆய்வுகூடத்திலே உதவியாளர், நுணுக்குக்காட்டியின் கீழே ஆராய்ச்சிப் பொருள். இம்மூன்றையும் ஒருசேர ஏற்றவர் வேறெவரேனும் விஞ்ஞான வரலாற்றில் உண்டோ என்று நான் தேடிப் பார்த்ததுண்டு. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

1925-ம் ஆண்டில் நியூயோர்க்கின் பெண்கள் வைத்தியசாலையிலே பலரிடம் கசிவெடுத்து ஒப்புநோக்கத் தொடங்கினார். அப்பெண்களில் ஒருத்திக்குக் கருப்பைக் கழுத்திலே புற்றுநோய் இருந்தது. அவளுடைய தகட்டைப் பார்த்த ஜோர்ஜ் திகைத்துப்போனார். அதுவரை அவர் பல ஆண்டாய்ப் பார்த்துப் பழகிய கலங்கள் அங்கே இல்லை. கரு அளவுக்கு மிஞ்சிப் பருத்து, கலத்தின் பெரும் பகுதியை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் விளிம்பு நெளிந்து கோணியிருந்தது. உட்பொருள் கருங்கட்டிகளாய்த் திரண்டிருந்தது. ஒரு கலத்தைப்போல மற்றொன்று இல்லை. தம் விஞ்ஞான வாழ்விலேயே உள்ளத்தை மிகவும் சிலிர்க்கச் செய்த நேரங்களில் அதுவும் ஒன்று என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

சீரான கலங்களை அத்தனை ஆண்டுகள் பார்த்திராவிட்டால், சீர்கெட்ட கலம் அவர் கண்ணிற் பட்டிருக்குமா? படாது என்றே நான் எண்ணுகிறேன். எங்கள் தொழிலுக்குப் புதிதாய் வருவோர் புற்றுநோய்க் கலத்தையே முதலிற் காட்டும்படி கேட்பார்கள். சுகதேகியின் தகடுகளை மாதக்கணக்காய்ப் பார்த்த பின்னரே அதைக் காட்டுவது மூத்தோர் வழக்கம். காரணம் இதுதான்.

உடல் நீரிலே புற்றுக் கலங்களைக் கண்டவர் இவருக்கு முன் இல்லாமலில்லை. 1860-ம் ஆண்டில் இங்கிலாந்தின் லயனல் பீல் தொண்டைப் புற்று நோயாளியின் சளியிலே அவற்றைக் கண்டார். 1867-ம் ஆண்டில் லூக்கே, கிளெப்ஸ் என்போர் வயிற்றில் ஊறிய நீரிலே கண்டனர். ஆனால் சதையைச் சிறிது அறுத்தெடுத்து, மெல்லிய சீவல்களாக்கிப் பார்க்கும் முறை வலுப்பெற்றபின், உதிர்ந்த தனிக் கலங்களை நம்புவோர் குறைந்தனர். மரத்தைப் பார்க்கலாம், உதிர்ந்த இலையைக் கொண்டு மரத்தின் நோயைச் சொல்லலாகுமா என்பது அவர்கள் எண்ணம்.

1928-ம் ஆண்டு சனவரி மாதம் மிச்சிகன் மாநிலத்துப் பற்றில் கிறீக் என்னும் ஊரிலே பாப்பனிகொலாவ் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். அது மனித இனத்தை மேம்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டு, இன்னார் பிள்ளை பெறலாம் இன்னார் பெறலாகாது என்று வழக்காடியோர் கூடிய மகாநாடு. பொருந்தாத சபையிலே அரங்கேறியது அந்த நூதனம். ஆனால் சபையை மட்டுங் குறைகூறுவதும் சரியன்று. நோயியல் அறிஞர்களும் அதைப் பொருட்படுத்தவில்லை. கருப்பைக் கழுத்துக் கண்ணாற் பார்த்துக் கையால் எட்டக்கூடிய இடம். வேண்டுமானால் ஒரு துண்டு சதையை வெட்டியே பார்த்துவிடலாம். இந்தச் சுற்று வழி எதற்கு என்றனர். கேட்பதற்கு நியாயமான வாதந்தான். கண்ணுக்குப் புலப்படும் புண் வருமுன்னரே கலங்கள் மாறிவிடுகின்றன என்பதும், வெட்டுவதற்கு இடந்தெரியாத காலத்திலேயே தகடு பேசும் என்பதும் அவர்களுக்கு அன்று எட்டவில்லை. வெளிப்படையாய்ச் சொன்னால், பாப்பனிகொலாவிடமும் அதற்கு அன்று போதிய சான்று இருக்கவில்லை.

இவ்விடத்தில் இன்னொருவரையும் குறிப்பிடவேண்டும். ருமேனியா நாட்டின் ஒறெல் பாபேஷ் என்பவர் 1927-ம் ஆண்டிலேயே புக்கறெஸ்ற்றில் இதையொத்த கண்டுபிடிப்பைச் சொல்லி, 1928-ம் ஆண்டு ஏப்ரிலில் பிரெஞ்சுச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். அவர் பிளாற்றினக் கம்பி வளையத்தாற் கருப்பைக் கழுத்திலிருந்து நேரே கலங்களை எடுத்தார். ஒருவரையொருவர் அறியாமலே இருவரும் ஒரே கதவைத் தட்டியிருக்கின்றனர். முந்தியவர் யார் என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. பாபேஷ் அத்துடன் வேறு துறைக்குத் திரும்பிவிட, பாப்பனிகொலாவ் தட்டிய கதவின் முன்னேயே நின்றுகொண்டிருந்தார். பெயர் அவருக்கு நிலைத்தது அதனாலேதான்.

நின்ற காலம் பதினொரு ஆண்டுகள். சீற்றமில்லை, சண்டையில்லை. ஓமோன் ஆராய்ச்சிக்குத் திரும்பினார். 1933-ம் ஆண்டில் பெண்ணின் மாதச் சுழற்சியைப்பற்றிப் பெரிய ஆய்வொன்றை வெளியிட்டார். விடுமுறையென்று ஒன்று அவருக்குப் பெரும்பாலும் இருந்ததில்லை. அந்தப் பதினொரு ஆண்டுகளிலே, காலத்திற் கண்டிருந்தாற் பிழைத்திருக்கக்கூடிய பெண்கள் எத்தனை பேர் மாண்டனரோ! அக்கணக்கை எவரும் எழுதிவைக்கவில்லை. நாடகங்களிற்போல இங்கே கொடியவர் எவரும் இல்லை. கற்றவர்கள் தாம் கற்றதை நம்பினர்; அவ்வளவே.

1939-ம் ஆண்டில் ஸ்டொக்கட் இறந்தார். துறைத் தலைவராய் வந்த ஜோசப் ஹின்சி, கிடப்பிற் போட்ட ஆராய்ச்சியை மீண்டும் எடுக்கும்படி ஊக்கினார். பெண்நோயியல் வைத்தியர் ஹேபேட் டிறவுட் துணைவராய் அமைந்தார். நியூயோர்க் வைத்தியசாலையின் பெண்நோய்ப் பகுதிக்கு வரும் பெண்கள் எல்லோரிடமும், எந்த நோய்க்காக வந்தவராயினும், கசிவு எடுப்பதென்று முடிவாயிற்று. முன்பு இல்லாத சான்று இப்போது குவியத் தொடங்கியது. எவ்வித ஐயமும் எழாத பெண்களின் தகடுகளில் புற்றுக் கலங்கள் தென்பட்டன; தேடிப் பார்த்தபோது, கண்ணுக்கெட்டாத தொடக்க நிலையிலே நோய் ஒளிந்திருந்தது. 1941-ம் ஆண்டிற் கட்டுரையாகவும், 1943-ம் ஆண்டில் நூலாகவும் அவர்கள் முடிவுகள் வெளிவந்தன. ஹஷிமே முரயாமா என்னும் யப்பானிய ஓவியர் நுணுக்குக்காட்டியைப் பார்த்துக் கலங்களை நிறத்தோடு வரைந்து கொடுத்தார். கிரேக்கர் ஆராய, யப்பானியர் வரைய, அமெரிக்காவில் வெளியான நூல். அதுவும் இரு நாடும் போரிட்டுக்கொண்டிருந்த ஆண்டிலே!

1942-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட சாய முறையைப்பற்றி ஆய்வுகூடத்தான் பேசாமல் வேறு யார் பேசுவர்? ஐந்து சாயங்கள் அதில் உள. மரமொன்றின் வைரத்திலிருந்து எடுக்கும் ஹீமடொக்சிலின் கருவை நீலமாக்கும். செம்மஞ்சட் சாயம், இயோசின், இளம்பச்சை, பழுப்பு ஆகியவை கலத்தின் முதிர்ச்சிக்கேற்பக் குழியவுருவிலே ஏறும். இளங்கலம் நீலப்பச்சையாகவும், முதிர்ந்தது இளஞ்சிவப்பாகவும், கொம்புபோலக் கடினமானது செம்மஞ்சளாகவும் தோன்றும். முன்னைய சாயங்களில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும் கலங்கள் கருமையாய் அப்பிக்கிடக்கும். இவருடைய சாயத்தில் மேற்கலத்தினூடே கீழ்க்கலமும் தெரியும். விடியற்காலைக் கடலிலே அடித்தளத்துச் சங்கு தெரிவது போன்ற தெளிவு அது. ஐம்பது தகடுகளைச் சாயமிட்டு வரிசையாய் அடுக்கி வைத்துவிட்டுப் பார்ப்பதில் எனக்கொரு தனி இன்பம் இருந்தது.

கருப்பையோடு அவர் நின்றுவிடவில்லை. உதிர்ந்த கலம் எங்கெல்லாம் கிடைக்குமோ அங்கெல்லாம் இம்முறை செல்லும் என்று கண்டார். 1945-ம் ஆண்டில் விக்டர் மார்ஷல் என்ற சத்திரசிகிச்சை நிபுணரோடு சேர்ந்து, சலத்தின் மண்டியைக்கொண்டு சிறுநீர்ப்பைப் புற்றை அறியும் வழியை வெளியிட்டார். சளி, இரைப்பை நீர், நெஞ்சு நீர், வயிற்று நீர், முலைக் கசிவு யாவும் அவருடைய தகடுகளில் ஏறின. 1954-ம் ஆண்டில் உதிர்கலங்களின் படத்தொகுதியொன்றைப் பெருநூலாக வெளியிட்டார். இன்று உலகெங்கும் உடல் நீர்களைப் பரிசோதிக்கும் கலவியல் என்னுந் துறை அந்நூலின் நிழலிலே வளர்ந்தது.

ஆனால் நீர் எல்லாம் ஒரே மொழி பேசுவதில்லை. நெஞ்சறை நீரை எடுத்துக்கொள்வோம். சயரோகத்தால் ஊறிய நீரில் சிறிய வட்டமான நிணநீர்க் கலங்கள் மணலாய் இறைந்து கிடக்கும். நெஞ்சறையின் உள்ளுறைக் கலங்கள் அருகியே காணப்படும். வேறு சில அழற்சிகளில் அந்த உள்ளுறைக் கலங்கள் சினந்தெழுந்து பருத்து, கரு பெருத்து, கூட்டங்கூட்டமாய்ச் சேர்ந்து, புற்றுக் கலங்களைப்போலவே வேடங் கட்டும். அனுபவமுள்ள கண்ணையும் அவை ஏமாற்றிவிடும். சலமோ, கொடிய புற்றை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். சாதுவான கட்டியைப் பெரும்பாலும் மறைத்துவிடும். சளி, பெரிய மூச்சுக் குழாயிலுள்ள நோயைச் சொல்லும்; நுரையீரலின் ஓரத்திலிருப்பதைச் சொல்லத் தவறும்.

இவ்வையங்களுக்கெல்லாம் பாப்பனிகொலாவ் ஓர் ஏணி அமைத்தார். விடையை ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் ஐந்து படிகளாக வகுத்தார். முதற்படி யாவும் சீர். இரண்டாவது, மாற்றமுண்டு, புற்றுக்குச் சான்றில்லை. மூன்றாவது, ஐயத்துக்கு இடமுண்டு, துணிந்து சொல்ல முடியாது. நான்காவது, பெரிதும் ஐயம். ஐந்தாவது, ஐயமில்லை. 1988-ம் ஆண்டில் பெதெஸ்டா முறை வந்தபின் இப்படிகள் வழக்கொழியலாயின. புதிய முறையே திருத்தமானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும், தெரியாததைத் தெரியாதென்று அறிக்கையில் எழுத ஒரு படியையே ஒதுக்கிவைத்த அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. அந்த மூன்றாம் படியில் நின்ற பெண்களே மீண்டும் மீண்டும் பரிசோதனைக்கு வந்தார்கள். அவர்களுட் பலர் நோய் முற்றுமுன் காப்பாற்றப்பட்டார்கள்.

கருப்பைக் கழுத்துப் புற்று ஓரிரவில் வருவதன்று. கலங்கள் மாறத் தொடங்கியதிலிருந்து நோய் ஊடுருவிப் பரவ, பெரும்பாலும் பத்து ஆண்டுக்கு மேலாகும். அந்த நீண்ட இடைவெளியே வைத்தியத்துக்குக் கிடைத்த அவகாசம். ஒரு தகடு தவறவிட்டாலும் அடுத்த தகடு பிடித்துவிடும். 1947-ம் ஆண்டில் கனடாவில் ஏர் என்பவர் எளிய மரக்கரண்டியொன்றை அமைத்து, கலமெடுக்கும் வேலையை இலகுவாக்கினார். 1949-ம் ஆண்டில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்திற் பெண்களுக்கெல்லாம் பரிசோதனை செய்யும் திட்டம் தொடங்கிற்று. ஒழுங்காய்ப் பரிசோதனை நடந்த நாடுகளில் இந்நோயால் இறப்போர் தொகை பாதிக்கு மேலாய்க் குறைந்தது.

நம் நாட்டிலும் 1996-ம் ஆண்டு முதல் சுகவனிதையர் கிளினிக்குகளில் பாப் பரிசோதனை செய்யப்பட்டு வருகிறது. முப்பத்தைந்து வயதுப் பெண்களை முதன்மையாக அழைத்தனர். எங்களிடம் வந்த தகடுகளில் எத்தனையோ குடும்பங்களின் தலைவிதி இருந்தது. ஆயினும் வராதோர் எத்தனை பேர்! வலியில்லை, வருத்தமில்லை, பிறகேன் போகவேண்டும் என்பது ஒரு காரணம், நாணம் மற்றொன்று. வலி வந்த பின் வந்தவர்களின் தகடுகளைப் பார்க்கும்போது, நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு யன்னலுக்கு வெளியே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஜேர்மனியரான ஹரல்ட் சூர் ஹவுசன், இந்நோய்க்கு ஒருவகை வைரசே காரணம் என்று 1980-களிற் காட்டி, 2008-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். அதற்கெதிரான தடுப்பூசி 2017-ம் ஆண்டு முதல் இலங்கையில் பாடசாலைச் சிறுமியருக்குப் போடப்படுகிறது. வைரசையே நேரிற் கண்டறியும் புதிய பரிசோதனை பாப் பரிசோதனையின் இடத்தை மெல்லமெல்லப் பிடித்துவருகிறது. இவ்வளவிருந்தும் 2022-ம் ஆண்டில் மட்டும் உலகிற் சுமார் 350,000 பெண்கள் இந்நோயால் மாண்டனர் என்றும், அவர்களிற் பெரும்பாலோர் வறிய, நடுத்தர நாடுகளைச் சேர்ந்தோர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

பாப்பனிகொலாவுக்குப் பாராட்டுகள் பிந்தி வந்தன. வந்தபோது நிறையவே வந்தன. 1950-ம் ஆண்டில் லாஸ்கர் விருது கிடைத்தது. நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. அவர் நாடு 1995-ம் ஆண்டில் 10,000 டிறக்மா நோட்டிலே அவர் முகத்தைப் பொறித்தது. யூரோ வந்தபின் அந்த நோட்டும் வழக்கிழந்தது.

1961-ம் ஆண்டின் கடைசியில், எழுபத்தெட்டு வயதில், மியாமி நகரின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தை நடத்த அழைப்பு வந்தது. ஓய்ந்திருக்க வேண்டிய வயதில், நியூயோர்க்கை விட்டு, மேரியோடு புறப்பட்டார். மூன்று மாதங்களே கழிந்தன. 1962-ம் ஆண்டு பெப்ரவரி 19-ந் திகதி மாரடைப்பால் உயிர் நீத்தார். அந்நிலையத்துக்கு அவர் பெயரே பின்னர் சூட்டப்பட்டது. உலகத்துப் பெண்களுக்கெல்லாம் முன்பாகத் தம் உடலை அந்தப் பரிசோதனைக்குக் கொடுத்த மேரி, கணவரை அடக்கஞ் செய்தபின் இருபது ஆண்டுகள் தனித்து வாழ்ந்து, 1982-ம் ஆண்டில் மறைந்தார்.